சனிக்கிழமை கரை சேர்ந்த கப்பல்

போன மாதம் எங்கள் வங்கியின் ஹற்றன் கிளையிலிருந்து ஓர் இளம் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். ஊழியர் மலரில் ‘வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்த அட்டை ஏற்றது’ என்று ஒரு பக்கம் போடுகிறார்களாம். “உங்க காலத்துல கார்ட் இல்லதானே அங்கிள். ஆட்கள் எத எடுத்துக்கிட்டுப் போனாங்கன்னு நாலு வரி எழுதித் தாங்களேன்” என்றார். நாலு வரி எழுதி அனுப்பினேன். அவருக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை. அந்த மேசையில் இருந்தபோது நான் செய்த ஒரு காரியம் அந்த நாலு வரிக்குள் வரவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் சுப்பையா. இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். அப்பா சில்லறைக் கங்காணி, அதாவது இருபது முப்பது பேருக்கு மேலாள். லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் எங்களுக்குப் பின்வரிசையில் மாரிமுத்து மாமாவின் மகன் ஆறுமுகம். அவர்கள் வீட்டில் எல்லோரும் மலையில் கொழுந்து எடுத்தவர்கள், முள்ளுக் குத்தி மண் கிளறியவர்கள். எனக்கும் ஆறுமுகத்துக்கும் ஒரே வயது. தலவாக்கலையில் ஒன்றாகப் படித்து, பிறகு ஒரே ரயிலில் ஹற்றன் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். சோதனை பாஸானதும் அவன் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலை ஆராய்ச்சிச் சாலையில் உதவியாளனாகச் சேர்ந்தான். நான் ஹற்றனில் வங்கியில் எழுதுவினைஞன். முதல் நான்கு வருடம் பேரேடு, தபால், காசோலைக் கட்டு. அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாம் வருடம் வெளிநாட்டு மேசைக்கு மாற்றினார்கள்.

அந்த மேசைக்கு மேலே சபாரத்தினம் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தலைமை எழுதுவினைஞர். மலைநாட்டு மழையிலும் வெள்ளைக் கோட்டில் ஒரு பொட்டுச் சேறு இருக்காது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. முதல் நாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு கையெழுத்துகளைத் தந்து, “ஒரே ஆளோ, ரெண்டு ஆளோ?” என்று கேட்டார். நான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தாள் இரண்டையும் வாங்கித் தலைகீழாகத் திருப்பி வைத்தார்.

“நேராய்ப் பாத்தால் நீர் பேரை வாசிப்பீர், ஐசே. தலைகீழாய்ப் பாத்தால்தான் கோடு தெரியும்.”

இரண்டும் வேறு வேறு கை என்று உடனே தெரிந்தது.

வெளிநாடு போகிறவர்களுக்கு எங்களிடம் முக்கியமாக இரண்டு வழி இருந்தது. ஒன்று பயணக் காசோலை. ஐந்து பவுண், பத்துப் பவுண் என்று அச்சடித்த தாள்கள். வாங்குகிறவர் எங்கள் கண் முன்னால் ஒவ்வொன்றிலும் மேலே கையெழுத்து வைக்க வேண்டும். போன ஊரில் மாற்றும்போது கொடுக்கிறவர் கண் முன்னால் கீழே இன்னொரு கையெழுத்து. இரண்டும் ஒத்துப்போனால் ஹோட்டலில் எடுப்பான், ரயில் நிலையத்துக் காசு மாற்றுகிறவன் எடுப்பான், கப்பலின் கணக்கரும் எடுப்பார். மற்றது நாணயக் கடிதம். கெட்டியான ஒரே பெரிய தாள். ‘இந்தக் கனவானுக்கு இவ்வளவு வரை கொடுக்கவும்’ என்று உலகத்து வங்கிகளுக்கெல்லாம் எங்கள் முகாமையாளர் எழுதுவது போல இருக்கும். மாதிரிக் கையெழுத்தும் வங்கிகளின் பட்டியலும் உள்ள சின்னப் புத்தகம் ஒன்று தனியாகத் தரப்படும். இரண்டையும் ஒரே பையில் வைக்கக்கூடாது. ஒரே ஊரில் நெடுநாள் தங்குகிறவருக்கு இது நல்லது. ஆனால் வங்கிக் கதவு திறந்திருந்தால்தான் அந்தத் தாளுக்கு உயிர். பூட்டியிருந்தால் பொட்டலம் கட்டக்கூட உதவாது, அவ்வளவு கெட்டி.

எதைக் கொடுப்பது என்று முடிவுசெய்ய சபாரத்தினம் மூன்று கேள்விகள் வைத்திருந்தார். “எங்கை இறங்குறியள்? என்ன கிழமை? ஆர் வந்து கூட்டிக்கொண்டு போவினம்? இந்த மூண்டையும் கேளாமல் பாரத்தைத் தொடாதையும்” என்பார். பாரம் என்றால் விண்ணப்பப் படிவம். கிழமையைத்தான் மிக அழுத்திச் சொல்வார். கப்பல் கம்பனிகள் அனுப்பும் அட்டவணை என் மேசை லாச்சியில் இருக்கும். ஒவ்வொரு பயணிக்கும் அதைப் பார்த்துப் பென்சிலால் ஒரு குறி போட வேண்டும்.

வந்தவர்கள் பெரும்பாலும் தோட்டங்களை நடத்தும் வெள்ளைக்காரத் துரைமார், அவர்களுடைய சீமாட்டிகள். ஆறு மாத விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள். இத்தாலியில் இறங்கலாமா, பிரான்ஸில் இறங்கலாமா என்று என் முன்னால் நின்று பேசிச் சிரிப்பார்கள். அவர்கள்மேல் எனக்குப் பொறாமை இருந்ததில்லை. மழையைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? அவர்கள் போவார்கள், நாங்கள் பாரம் எழுதுவோம். அவ்வளவுதான்.

பொறாமை எனக்கு வேறு பக்கத்திலிருந்து வந்தது.

நாடு சுதந்திரமடைந்ததும் இந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்களின் குடியுரிமை போயிற்று. மனுப் போட்டு, இங்கே விடாமல் வாழ்ந்தோம் என்று நிரூபித்தால்தான் பிரஜை. நானும் போட்டேன், ஆறுமுகமும் போட்டான். அவனுடையது கிடைத்தது. என்னுடையது கிடைக்கவில்லை. காரணம், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பா எங்களையெல்லாம் இந்தியாவில் துறையூருக்குக் கூட்டிப்போய், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டி, காணி விவகாரம் ஒன்றில் மாட்டி, ஒன்றரை வருடம் தங்கிவிட்டார். விடாமல் வாழ்ந்தோம் என்பது அதோடு அறுந்தது. ஆறுமுகத்தின் வீட்டாருக்கு அந்தக் கடலைத் தாண்ட ஒருபோதும் வசதி இருந்ததில்லை. அதுவே அவனுக்குத் தகுதியாகிவிட்டது. கங்காணி மகன் நாடில்லாதவன், கூலி மகன் பிரஜை. இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சாப்பிடும்போதும், ரயிலில் போகும்போதும், கையெழுத்துச் சரிபார்க்கும்போதும் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு நாள் காலையில் ஆறுமுகம் வங்கிக்கு வந்தான். புதுச் சப்பாத்து. கையில் ஒரு நீள உறை.

“டேய் சுப்பையா, சீமைக்குப் போறேன்டா!”

தேயிலை இலையில் கொப்புள நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பூஞ்சணத்தைப் பற்றி லண்டனில் இரண்டு வருடம் படிக்க ஆராய்ச்சிச் சாலை அவனுக்கு உதவித்தொகை வாங்கிக் கொடுத்திருந்தது. டிப்ளோமாவோடு திரும்பினால் அலுவலர் பதவி. ஜனவரியில் கப்பல். லண்டன் வரை கப்பலில் போனால் வகுப்பு தொடங்கிவிடும். ஆகவே பிரான்ஸ் நாட்டு மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கி, அங்கே டிக்கெட் வாங்கி ரயிலில் லண்டன் போகச் சொல்லியிருந்தார்கள்.

அவன் உறையைத் திறந்து பாஸ்போட்டை என் முன்னால் வைத்தான். அதில் இலங்கைப் பிரஜை என்று எழுதியிருந்தது. வெளிநாட்டுப் பணம் கொடுக்கும்போது எவ்வளவு கொடுத்தோம் என்று பாஸ்போட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, முத்திரை குத்த வேண்டும். அதை எழுதுவது என் வேலை. எத்தனையோ துரைமாரின் பாஸ்போட்டில் எழுதியிருக்கிறேன். எங்கள் லயத்து ஆளின் பாஸ்போட்டை அன்றுதான் தொட்டேன். புதுத்தாள் வாசனை. படத்தில் அவன் சிரிக்காமல், துரைத்தனமாக நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ரெண்டு இருக்காம்ல. எதடா எடுக்கலாம்? எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது. நீ என்ன சொல்றியோ அதுதான்.”

லாச்சியைத் திறந்து அட்டவணையைப் பார்த்தேன். அவனுடைய கப்பல் மார்சேல்ஸ் சேரும் நாள் சனிக்கிழமை, பிற்பகல். வங்கி திங்கட்கிழமை காலையில்தான் திறக்கும். நடுவில் இரண்டு இரவு. கையில் நோட்டாகச் சில பவுண்களுக்கு மேல் கொண்டுபோகச் செலாவணிக் கட்டுப்பாட்டு விதி இடம் தராது. அதுவும் இரண்டு வாரக் கப்பல் பயணத்தில் கரைந்துவிடும். கேள்விக்கே இடமில்லை, பயணக் காசோலைதான். புதிதாகச் சேர்ந்தவனுக்கும் தெரியும். பென்சிலால் குறி போட்டேன். லாச்சியை மூடினேன்.

“நாணயக் கடிதம் எடு” என்றேன். “துரைமாருங்க எல்லாம் இதத்தான் எடுப்பாங்க. பாங்குக்குள்ள போனா ஒக்கார வச்சி மரியாதையாக் குடுப்பான்.”

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “மரியாதையா? எனக்கா?” என்று சிரித்தான். “சரிடா. அதயே போடு.”

பாரத்தைச் சபாரத்தினத்திடம் கொண்டுபோனேன். ஆறுமுகம் என் சிநேகிதன் என்று அவருக்குத் தெரியும்.

“மூண்டும் கேட்டீரோ?”

“கேட்டேங்க சார்.”

“உம்மடை ஆள். நீர் பிழையாய்ச் சொல்லமாட்டீர்” என்று கையெழுத்து வைத்தார்.

செய்யும்போது எனக்கு என்ன தோன்றியது என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். அவன் சாக வேண்டும் என்றோ, படிப்புக் கெட வேண்டும் என்றோ நினைக்கவில்லை. இரண்டு நாள் அவனும் கதவுக்கு வெளியே நிற்கட்டும் என்று நினைத்தேன். கையில் தாள் இருந்தும் உள்ளே விடமாட்டார்கள் என்றால் எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியட்டும். அவ்வளவுதான் நினைத்தேன். அது சின்ன ஆசை என்று அப்போது எனக்குப் பட்டது.

அவன் புறப்பட்ட நாளில் தோட்டமே திரண்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் மாலை போட்டார்கள். துரையே தன் காரைக் கொடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்பினார். என் அம்மா அவன் நெற்றியில் விபூதி பூசிவிட்டு, “எம்மகனும் ஒன்னமாதிரிதான்யா படிச்சான்” என்று சொல்லி அழுதாள். அப்பா வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை. ஆறுமுகம் காரில் ஏறும்போது என் தோளைப் பிடித்து, “ஒவ்வொரு ஊரையும் பாத்து வந்து ஒனக்குச் சொல்றேன்டா” என்றான். நான் தலையாட்டினேன். கார் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் நடுவில் மாரிமுத்து மாமா கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் லயத்துக்கு வரும்போது யார் கடிதமானாலும் நான்தான் வாசிப்பேன். “வாசி தம்பி” என்று வாசற்படியில் குந்தினார்.

மார்சேல்ஸில் வங்கி பூட்டியிருந்ததால் ரயில் நிலையத்து வாங்குப் பலகையில் இரண்டு இரவு இருந்தானாம். மூன்றாம் நாள் பணம் எடுத்து, ரயில் ஏறும்போதே காய்ச்சல். லண்டனில் இறங்கியதும் நேரே ஆஸ்பத்திரி. நெஞ்சில் சளி கட்டி ஐந்து வாரம். இப்போது பரவாயில்லை, பயப்பட வேண்டாம், ஜன்னலுக்கு வெளியே பஞ்சு கொட்டினது போலப் பனி கிடக்கிறது என்று எழுதியிருந்தான்.

மாமா முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “ஒன்னயப் பத்தி ஒண்ணும் கேக்கலியா தம்பி?” என்றார்.

கடிதத்தில் என் பெயரே இல்லை. ஒரு வரிகூட இல்லை.

“கேட்டிருக்கான் மாமா. சுப்பையாவ ரொம்பக் கேட்டதாச் சொல்லுங்கன்னு எழுதிருக்கான்” என்று இல்லாத வரியை வாசித்தேன். அவர் சந்தோஷமாகக் கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டார்.

குற்றம் உறைத்தால் பொறாமை போய்விடும் என்று சொல்வார்கள். எனக்குப் போகவில்லை. அன்று இரண்டும் சேர்ந்தே இருந்தன. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்பது நெஞ்சைப் பிசைந்தது. அப்படிக் கிடந்தும் பனியைப் பார்த்துவிட்டானே என்பதும் பிசைந்தது.

அந்த வாரமே சபாரத்தினம் கூப்பிட்டார். நாணயக் கடிதத்தில் எங்கே பணம் எடுத்தாலும் எடுத்தவர் கையெழுத்திட்ட சீட்டு சுற்றிச்சுற்றி எங்கள் கிளைக்கு வந்துசேரும். மார்சேல்ஸ் சீட்டு அவர் மேசையில் இருந்தது. பக்கத்தில் என் லாச்சியிலிருந்து எடுத்த அட்டவணை.

“இதிலை திகதி என்ன கிழமை?”

“திங்கக்கிழமைங்க சார்.”

“கப்பல்?”

“சனிக்கிழமைங்க சார்.”

“இந்தப் பென்சில் குறி ஆர் போட்டது?”

அவர் ஆறுமுகத்தின் பாரத்தை எடுத்தார். அதிலிருந்த கையெழுத்தையும் சீட்டிலிருந்த கையெழுத்தையும் அருகருகே வைத்துத் தலைகீழாகத் திருப்பினார். என்னையும் பார்க்கச் சொன்னார். பாரத்தில் இருந்த கோடு கம்பி போல நேராகப் போனது. சீட்டில் இருந்த கோடு ஒவ்வொரு வளைவிலும் நடுங்கி, கடைசி எழுத்தில் சரிந்துபோயிருந்தது.

“ஆள் ஒண்டுதான். கைதான் அவன்ரை வசத்திலை இல்லை” என்றார். இரண்டு தாளையும் நேராகத் திருப்பி அடுக்கினார். கடைசியில், “மறந்துபோனீரோ, சுப்பையா?” என்று கேட்டார். ஒளிந்துகொள்ள எனக்கு அவர் திறந்துவிட்ட கதவு அது.

“மறந்துட்டேங்க சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மறதி எண்டால் நான் மனேச்சருக்கு ரிப்போட் எழுத வேணும். எழுதுறன். மறதி இல்லையெண்டால், அதுக்கு எங்களிட்டைப் பாரம் இல்லை.”

அந்த வருடச் சம்பள உயர்வு எனக்கு நிறுத்தப்பட்டது. மேசையை மாற்றவில்லை. அதற்குப் பிறகும் அவர் என்னோடு அதே குரலில்தான் பேசினார். ஆனால் என்னுடைய ஒவ்வொரு பாரத்துக்கும், என் முன்னாலேயே, பயணியைக் கூப்பிட்டு அந்த மூன்று கேள்விகளையும் தானே மறுபடி கேட்டார். ஓய்வுபெறும் வரை, ஒரு நாள் தவறாமல் கேட்டார். துரைமார் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

இரண்டு வருடம் கழித்து ஆறுமுகம் திரும்பி வந்தான். ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்ததில் முதல் தவணைப் பரீட்சை தவறிவிட்டது. உதவித்தொகையை நீட்டவில்லை. ஆகவே டிப்ளோமா கிடைக்கவில்லை, பயிற்சி பெற்றதற்கான அத்தாட்சி மட்டும்தான். அலுவலர் பதவி கொழும்பிலிருந்து வந்த வேறொருவருக்குப் போயிற்று. ஆறுமுகம் பழைய வேலைக்கே, பழைய மேசைக்கே போனான். செய்தி கேட்ட அன்று எனக்குள் ஒரு கணம் ஒரு நிம்மதி வந்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அவனும் நானும் மறுபடி சமமாகிவிட்டோம் என்ற நிம்மதி. அந்த நிம்மதியைக் கண்டுதான் நான் பயந்தேன். அடுத்த ஞாயிறே அவனைப் பார்க்கப் போனேன்.

அவன் புதிதாகக் கல்யாணம் முடித்து ஆராய்ச்சிச் சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தான். மெலிந்திருந்தான். படி ஏறும்போது இருமினான். மனைவி தேநீர் போட உள்ளே போனாள். நான் உட்காரவில்லை.

“ஆறுமுகம், அந்தக் கப்பல் சனிக்கிழம போய்ச் சேரும்னு எனக்குத் தெரியும்” என்றேன். “தெரிஞ்சிதான் கடிதத்தக் குடுத்தேன்.”

“தெரியும்” என்றான்.

“எப்போ?”

“அங்கயே. திங்கக்கிழம பாங்குல இருந்த ஆளு இங்கிலீஸ்ல கேட்டான், சனிக்கிழம வந்து எறங்குறவனுக்கு எந்த மடையன் இதக் குடுத்தான்னு. நீ மடையன் இல்லன்னு எனக்குத் தெரியுமே.” மனைவி போன பக்கத்தை ஒரு தரம் எட்டிப் பார்த்தான். “ஏன்டா?”

“நீ போற. எனக்குப் போக வழியில்ல. அதான்.”

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்:

“ஏடன்ல ஒட்டகத்தப் பாத்தேன். சுயஸ்ல கப்பல் மண்ணுக்கு நடுவுல போற மாதிரிப் போச்சி. எல்லாத்தயும் சுப்பையாகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு யோசிச்சிக்கிட்டேதான் பாத்தேன். மறந்துருவேன்னு ஒரு கொப்பியில எழுதிக்கூட வச்சேன். அந்தத் திங்கக்கிழமைக்கு அப்பறம் நான் எதயும் பாக்கல. லண்டன்ல ரெண்டு வருசம் இருந்தேன், என்ன பாத்தன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அப்போது அவன் மனைவி இரண்டு கோப்பைத் தேநீர் கொண்டுவந்தாள். நான் வேண்டாம் என்று வாசலுக்குத் திரும்பினேன்.

“டீயக் குடிச்சிட்டுப் போங்க” என்றான் ஆறுமுகம்.

அந்த ‘போங்க’ வேறு யாருக்கோ என்று ஒரு கணம் திகைத்துத் திரும்பிப் பார்த்தேன். என்னைப் பார்த்துத்தான் சொன்னான். வாங்கிக் குடித்தேன். நாக்குச் சுட்டது. அதற்குப் பிறகு இருபது வருடம் நாங்கள் தலவாக்கலைக் கடைத்தெருவிலும், கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் சந்தித்துக்கொண்டோம். ஒரு நாளும் அவன் முகம் கோணியதில்லை. நலமா என்று விசாரிப்பான், பஸ்ஸில் இடம் பிடித்துத் தருவான். எனக்கு ஒருவழியாகப் பிரஜாவுரிமை வந்தபோது முதல் ஆளாக வீட்டுக்கு வந்து கைகொடுத்தான்.

“சந்தோசங்க” என்றான்.